நீல வில்லைக்கு மஞ்சள் ஸ்லீவ்

நேற்று மத்தியானம் என் மகன் பரணைக் காலிசெய்தான். ஓட்டை அண்டா, கால் உடைந்த தொட்டில், பழைய முறம் என்று ஒவ்வொன்றாக இறக்கியவன், கடைசியில் ஒரு தகரப் பெட்டியை மூச்சுப் பிடித்துத் தூக்கி வந்து மொட்டைமாடி வெயிலில் வைத்தான். "இம்புட்டு கனம் கனக்குது, இரும்புக்கடையில நல்லா எடுத்துக்குவான்மா" என்றான். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வெயில் ஏற ஏறப் பெட்டியின் துளைகள் வழியாக வார்னிஷ் வாசனை கிளம்பியது. கம்பிச்சுருள் சுற்றி, வார்னிஷில் முக்கி, காயப்போட்ட டிரான்ஸ்பார்மரின் வாசனை. கீரை அப்படியே மடியில் கிடந்தது.

நம் கம்பெனிப் பெட்டிதான். முன்பக்கம் வோல்டேஜ் மீட்டர், சிவப்பு விளக்கு, பின்பக்கம் பியூஸ் மூடி. டிவிக்கு வைக்கும் ஸ்டெபிலைசர். என் கல்யாணத்துக்கு முதலாளி கொடுத்த சீர். ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவா என்றேன். "ஒனக்கு எதுக்கும்மா இந்த வேல?" என்றான். அவன் அம்மா மூன்று வருஷம் இந்த வேலைதான் பார்த்தாள் என்பது அவனுக்குச் சரியாகத் தெரியாது. நான் சொன்னதில்லை. சொன்னால் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும், உன்னைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

நாலு ஸ்க்ரூவையும் கழற்றினேன். உள்ளே என்ன பார்த்தேன் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. நான் உனக்கு ஒரு துரோகம் செய்தேன். அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. அதை நீ மன்னித்தாயா, இல்லை மனதில் வைத்துக்கொண்டே போய்விட்டாயா என்பது நேற்று வரைக்கும் எனக்குத் தெரியாமல் இருந்தது.

மாசியில் உன் தம்பி மகன் ஒட்டன்சத்திரத்திலிருந்து போன் செய்தான். உன் டைரியில் என் நம்பர் இருந்ததாம். யாரிடம் வாங்கினாய், எப்போது எழுதிவைத்தாய், ஏன் ஒருநாளும் கூப்பிடவில்லை என்று ஒன்றும் தெரியவில்லை. உன்னை அடக்கம் செய்து மூன்று நாள் ஆகியிருந்தது. பேச்சோடு பேச்சாக அந்தப் பையன் கேட்டான்: "ஏனுங்க, அத்தை அங்க கம்பெனில வேல பாத்தப்ப எதையோ எடுத்துட்டாங்கன்னு எங்க வீட்ல ஒரு பேச்சு உண்டுங்க. அது என்னன்னு உங்களுக்குத் தெரியுங்களா?" நான் சொன்னேன், "தெரியலப்பா, ரொம்ப நாளாச்சு." இரண்டாவது தடவையும் அதையே செய்தேன். போனை வைத்த பிறகு அழுகை வந்தது, ஆனால் எனக்கு அழ என்ன யோக்கியதை என்று முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

பேகம்பூர் தாண்டி இருந்த அந்த ஓட்டுக் கட்டடத்தை நினைத்துக்கொள். காற்று ஒரு பக்கம் திரும்பினால் தோல் பதனிடும் ஷாப்பின் நாற்றம், இன்னொரு பக்கம் திரும்பினால் நம் வார்னிஷ். கொடைக்கானலில் டிவி கோபுரம் வந்த புதிது. திண்டுக்கல்லைச் சுற்றி ஊருக்கு நாலு வீட்டில் டிவி முளைத்தது. கிணற்று மோட்டார் ஓடினால் விளக்கு மங்கும், நிறுத்தினால் பளீரென்று ஏறும். அதனால் டிவி வாங்கியவர்கள் எல்லோரும் ஸ்டெபிலைசரும் வாங்கினார்கள். நாம் ஆறு பேர். நீ என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஆனாலும் அக்கா என்று கூப்பிட விடமாட்டாய். "அக்கான்னு கூப்ட்டா நான் ஒனக்குப் புத்தி சொல்லணும். எனக்கே பத்தல" என்பாய்.

உன் கை வேலையில் அவ்வளவு கர்வம் உனக்கு. நாங்கள் உதிரிப் பாகத்தின் கம்பியைத் துளையில் விட்டு ஈயத்தை ஊற்றிவிட்டுப் போவோம். நீ கம்பி முனையைக் கொக்கி மாதிரி வளைத்து, மாட்டி, இழுத்துப் பார்த்து, அதற்கப்புறம்தான் சால்டரிங் ராடை எடுப்பாய். ஈயம் மின்னவில்லை என்றால் உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி வைப்பாய். இத்தனை சுத்தம் பார்க்கிறவள் கொண்டுவரும் புளிக்குழம்பை வாயில் வைக்க முடியாது. அதையும் நான்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நீல வில்லையை முதலில் எனக்குக் காட்டியவளும் நீதான். பில்லில் வேரிஸ்டர் என்று எழுதியிருக்கும், நமக்கு வில்லை. மருந்துக்கடை மாத்திரை அளவு, இரண்டு கால். கரண்ட் உள்ளே வருகிற இடத்தில் இரண்டு கம்பிக்கும் குறுக்கே அதை வைக்க வேண்டும். கரண்ட் ஒழுங்காக வரும் வரைக்கும் அது ஒன்றுமே செய்யாது, இருக்கிறதே தெரியாது. மின்னல் அடித்து லைனில் ஒரேயடியாகப் பாய்ந்து வந்தால், அதை மேலே போகவிடாமல் தன் வழியாக இழுத்துக்கொள்ளும். பியூஸ் போகும், சில சமயம் வில்லையே வெடித்துப் பிளக்கும். டிவி பிழைத்துக்கொள்ளும். அதன் காலுக்கு உறையாக நாங்கள் எல்லோரும் கறுப்பு ஸ்லீவ் போடுவோம், நீ மட்டும் மஞ்சள் தேடி எடுப்பாய். ஏன் என்று கேட்டதற்கு, "கறுப்புல கருகுனா என்னத்தத் தெரியும்? மஞ்சள்ல தெரியும். தொறந்து பாக்குறவனுக்கு இது வேல செஞ்சிருக்குன்னு தெரிய வேணாமா?" என்றாய்.

அந்தப் பங்குனியில் வில்லை தீர்ந்துபோனது. மெட்ராஸிலிருந்து பார்சல் வரவில்லை. ஆர்டரோ தலைக்கு மேல் நின்றது. முதலாளி கெட்டவர் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குச் சம்பளம் கைக்கு வந்துவிடும், யாரையும் அதட்டிப் பேசமாட்டார். ஆனால் பயந்தவர். கடைக்காரர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள் என்று பயம். "வில்லை இல்லாமலே போட்டு அனுப்புங்கம்மா. டெஸ்டிங்ல பல்பு எரியுதுல்ல? யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

நீ ராடைக் கீழே வைத்துவிட்டு, "மின்னலுக்குத் தெரியும்ல அண்ணே" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பெட்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன.

டெஸ்டிங் மேசையில் அவற்றுக்கும் பல்பு எரிந்தது, மீட்டர் முள் நின்றது. வில்லை உள்ள பெட்டிக்கும் இல்லாத பெட்டிக்கும் வெளியில் ஒரு வித்தியாசமும் இல்லை. அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சரோ, ஒங்க வீட்ல சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவீகள்ல, அந்த மாதிரி அவுக்க முடியாத முடிச்சு ஒண்ணு போடுவியா?" என்று கேட்டாய். சின்னாளப்பட்டியில் பிறந்தவளுக்கு அது ஒரு வேலையா? மறுநாள் வீட்டிலிருந்து சிவப்பு நூல் கொண்டுவந்தேன். வில்லை வைக்காத ஒவ்வொரு பெட்டிக்கும், வயர் வெளியே வருகிற ரப்பர் வளையத்தை ஒட்டி ஒரு முடிச்சு. கடுகு அளவுதான் இருக்கும். தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். இருபத்துநாலு பெட்டிக்குப் போட்டேன். யோசனை உன்னுடையது, முடிச்சு என்னுடையது.

சித்திரையில் பார்சல் வந்தது. நீ நேரே முதலாளியிடம் போய், போன பெட்டிகளை வரவழைத்து வில்லை வைத்துவிடலாம் என்றாய். "போனது போனதுதான் தாயி. திருப்பிக் கேட்டா நம்ம பேரு கெட்டுப்போகும்" என்றார். அந்த வாரமே இருபத்துநாலு வில்லையை உன் சாப்பாட்டுத் தூக்கின் மேல்தட்டில் போட்டு எடுத்து வந்தாய். "திருடுறோமாடி?" என்று நான் கேட்டேன். "அந்தப் பெட்டிக்குச் சேர வேண்டியதத்தான் எடுக்கேன். எனக்கா எடுக்கேன்?" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்து, தலை முக்காட்டைக்கூட எடுக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு வருவாய். பையில் வேதாகமம், சால்டரிங் ராடு, ஈயச் சுருள். ஒவ்வொரு கடையாகப் போய் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளில் சிவப்பு முடிச்சைத் தேடுவோம். "கம்பெனில இருந்து செக் பண்ண வந்திருக்கோம்ணே, செத்த நேரம் பிளக் பாயிண்ட் குடுங்க" என்று கொஞ்சமும் கூசாமல் சொல்வாய். வெளியே வந்ததும், "இந்தப் பொய்ய அடுத்த வாரம் சாமியார்ட்ட சொல்லிர்றேன்" என்பாய். நீ வில்லை வைத்து முடித்ததும் நான் முடிச்சை வெட்டிவிடுவேன். விற்றுப்போன பெட்டிகளுக்குக் கடைக்காரரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போனோம். எங்கள் ஊரில் ஒரு தறிக்காரர் வீட்டில் நம்மை உட்காரவைத்துச் சோறு போட்டு, தொட்டுக்கொள்ள இரண்டு வெஞ்சனம் வைத்தார்கள். "கம்பெனிக்காரவுக வீடு தேடி வந்து பாக்குறாக பாரு" என்று அந்த அம்மா பக்கத்து வீட்டைக் கூப்பிட்டுக் காட்டினார். நீ தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டாய். என் வாழ்க்கையில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்த நாட்கள் எவை என்று கேட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் சொல்வேன்.

பத்தொன்பது பெட்டி முடிந்தது. அதற்குள் ஒரு கடைக்காரர் முதலாளியிடம், உங்கள் கம்பெனியிலிருந்து வந்து நன்றாகச் செக் செய்தார்கள் என்று பாராட்டிவிட்டார்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை முதலாளி என்னை மட்டும் கூப்பிட்டார். மேசைமேல் சிவப்பு முடிச்சோடு, கடையில் விற்காமல் திரும்பி வந்த ஒரு பெட்டி இருந்தது. வில்லைக் கணக்கில் குறைவு என்றார். "யாரு செஞ்சது?" என்று கேட்டார். பக்கத்தில் அவர் வீட்டம்மா நின்றார்கள். எனக்கு வடமதுரையில் உரக்கடை வைத்திருக்கும் வீட்டில் மாப்பிள்ளை பார்த்து, பூ வைக்க நாள் குறித்துக் கொடுத்தது அந்த அம்மாதான். என் அப்பா அந்தச் சம்பந்தத்துக்காக மூன்று மாதம் நடையாய் நடந்திருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உன் பெயரைச் சொன்னேன். "நூல் யாரு கட்டுனது?" என்று கேட்டார். அதற்கும் உன் பெயரைத்தான் சொன்னேன்.

உன்னைக் கூப்பிட்டுக் கேட்டபோது நானும் அங்கேதான் நின்றேன். நீ அந்த முடிச்சைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். உனக்கு ஒரு ரிப்பன் முடிச்சுகூட ஒழுங்காகப் போட வராது. "ஆமாண்ணே, நாந்தான் கட்டுனேன்" என்றாய். அவர் திருட்டு என்ற வார்த்தையைச் சொன்னார். நீ தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அப்படித் திரும்பி வந்திருந்த பெட்டிகளின் முடிச்சுகளை வெட்டி எறியச் சொல்லி என் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார். வெட்டினேன். அதோடு எந்தப் பெட்டியில் வில்லை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாமல் போயிற்று. உன்னை வேறு கம்பெனியில் எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். நீ ஒட்டன்சத்திரத்துக்கு உன் தம்பியோடு போய், காய்கறி மார்க்கெட்டில் கணக்குச் சிட்டை எழுதுகிறாய் என்றும் கேள்விப்பட்டேன். அந்தக் கையால் சிட்டை.

ஆவணியில் என் கல்யாணம். கம்பெனி ஆட்கள் எல்லோரும் பார்க்க முதலாளி ஒரு பெட்டியைச் சீராகக் கொடுத்தார். புதுச் சரக்காகத்தான் இருக்கும் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். திறந்து பார்க்க எனக்குத் தெரியாதா? தெரியும். திறந்து பார்த்து, வில்லை இல்லாமல் இருந்தால் என்ன செய்வது, புகுந்த வீட்டில் அத்தையிடம் என்ன சொல்வது? மூடி வைத்திருப்பதே நல்லது என்று இருந்துவிட்டேன். மாமா வாங்கிய புது டிவியின் அடியில் அதுதான் உட்கார்ந்திருந்தது.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை நீ வடமதுரைக்கு வந்தாய். சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் நின்றாய். அதே பை. எல்லாவற்றையும் அத்தையிடம் போட்டு உடைக்கத்தான் வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். நீ உள்ளே வந்து டிவியைப் பார்த்தாய், அடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாய், தண்ணீர் கேட்டுக் குடித்தாய். அந்த நேரம் பார்த்துத் தெருக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சத்தம். எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர். அத்தை நாலு குடத்தைத் தூக்கினார்கள், நான் நாலு குடத்தைத் தூக்கினேன். "நீ செத்த இரு தாயி, வந்துர்றோம்" என்று உன்னிடம் வீட்டை விட்டுவிட்டு ஓடினோம். வரிசையில் நிற்கும்போதெல்லாம், அத்தை கூடவே இருப்பதுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. உன்னோடு அவர்கள் தனியாக இல்லையே என்று.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால் வீடெல்லாம் சாம்பிராணிப் புகை. "தூபக்கால்ல தணல் இருந்துச்சு, வெள்ளிக்கெழமையாச்சேன்னு போட்டேம்மா" என்றாய். அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வேதக்காரப் பிள்ள, நம்ம வீட்டுக்குச் சாம்பிராணி போட்ருக்கு பாரு. ஒனக்குத் தோணுச்சா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் மாமியாரைக் கைக்குள் போட்டுக்கொள்கிறாய் என்று நினைத்தேன். அத்தை சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். நான் குறுக்கே விழுந்து, "இல்லத்த, அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன். காப்பியை ஆறக்கூட விடாமல் குடித்துவிட்டு எழுந்தாய். வாசலில் செருப்பை மாட்டும்போது, "நல்லா இருக்கியாடி?" என்று கேட்டாய். "இருக்கேன், இருக்கேன், நீ கெளம்பு" என்றேன். "சரி, வாரேன்" என்றாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

ஐப்பசியில் அந்த மின்னல் விழுந்தது. சாயங்காலம், கிழக்கே இருந்த தென்னை மரம் எரிந்தது. தெருவில் டிவி வைத்திருந்த அத்தனை வீட்டிலும் டிவி புகைந்துவிட்டது. எங்கள் வீட்டில் பெட்டிக்குள் ஒரு வெடிச்சத்தம், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் பின்பக்க மூடியைத் திருகிப் புது பியூஸ் போட்டார். டிவி பாடியது. அத்தை தெருவெல்லாம் போய், "என் மருமக கொண்டாந்த பெட்டி, கெட்டிக்காரப் பெட்டி" என்று சொன்னார்கள். அந்த வீட்டில் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான். பார்த்தாயா, புதுச் சரக்குதான் என்று நானும் தேற்றிக்கொண்டேன்.

நேற்று பெட்டியைத் திறந்தேன். வயர் உள்ளே நுழைகிற ரப்பர் வளையத்தின் இடுக்கில் சிவப்பு நூல் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது. வெட்டியபோது உள்ளே போய்விட்ட மிச்சம். அந்த நூலை எனக்குத் தெரியாதா? பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தேன். நீல வில்லை இரண்டாகப் பிளந்து கிடந்தது. கம்பி முனைகள் கொக்கியாக வளைந்து மாட்டியிருந்தன. ஈயம் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மின்னியது. காலுக்கு மஞ்சள் ஸ்லீவ், ஒரு பக்கம் நன்றாகக் கருகியிருந்தது. சாம்பிராணி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. ஈயத்தோடு உருகும் பிசின் வாசனையை நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும்.

மொட்டைமாடியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். மகன் பயந்துபோய் ஓடிவந்தான். திருட்டுப் பட்டம் வாங்கிக் கொடுத்தவளின் வீட்டைத் தேடி, மூன்று பஸ் மாறி, ராடும், மிச்சமிருந்த வில்லையில் ஒன்றும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாய். உனக்கு நான் ஒரு வாய்ச் சோறு போடவில்லை. மன்னித்தாயா என்று நான் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் பதில் என் டிவிக்கு அடியிலும், அப்புறம் என் பரணிலும் இருந்திருக்கிறது. பெட்டியைத் திறக்கத்தான் எனக்குத் துணிச்சல் இல்லை.

மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி இரும்புக்கடைக்குப் போகாது என்றும் சொன்னேன். உன் தம்பி மகனுக்கு போன் செய்து, நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மற்றதைப் போனில் சொல்லக் கூடாது. உன் தம்பி, அவர் வீட்டம்மா, பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, இந்தப் பெட்டியை நடுவில் வைத்துத் திறக்கப்போகிறேன். மஞ்சள் ஸ்லீவையும் காட்டுவேன், சிவப்பு நூலையும் காட்டுவேன். முடிச்சுப் போட்டது நான், பயந்து உன் பெயரைச் சொன்னது நான், வில்லை வைத்தது நீ என்று சொல்வேன்.

பெட்டி கனம்தான். மகன் காரில் கொண்டுவிடுகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். நீ பஸ்ஸில்தானே வந்தாய். காலையில் முதல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வாரேன்.